செவிவழி நின்றுபோன பிறகு

மார்ச் 4

அக்கா,

நீ போனை எடுக்கவில்லை. மாமாவுக்குப் போட்டால், "அவ இப்போ பேசற நிலைமையில இல்லடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பேசும் நிலைமையில் இல்லாதவளுக்குப் பக்கத்தை அழிக்கும் நிலைமை மட்டும் எங்கிருந்து வந்தது? அதனால் எழுதுகிறேன். போனை வைப்பது போல மெயிலைப் பாதியில் வைக்க முடியாது.

காலையில் நம் விளையாட்டுக் குழுவைத் திறந்தால் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள். செவிவழி எங்கே? நான் தேடிப் போனேன். "இந்தப் பக்கம் இப்போது இல்லை" என்று, திரையில் உள்ளதை வாசிக்கும் என் ஸ்கிரீன் ரீடர், ரயில் தாமதத்தை அறிவிப்பது போல அறிவித்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடியும் திறந்தேன். பிறகுதான் உன் பெயரில் வந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. சரி, காதில் பட்டது. "இந்த மோட்டை நிறுத்திவிட்டேன். இனி யாரும் என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்." யாரும் என்றால் நானுமா?

நீ எடுத்தது என்னவென்று உனக்கே மறந்துவிட்டது போலிருக்கிறது. சொல்கிறேன். கடைசித் துறை என்பது கண் தெரிந்தவர்களுக்காக ஒரு கம்பெனி செய்த கணினி விளையாட்டு. படகு ஓட்டுவது, மீன் பிடிப்பது, சரக்கு ஏற்றுவது, துறைமுக ஊரை வீடு வீடாகக் கட்டுவது, எல்லாமே படம். பார்வை இல்லாத எங்களுக்கு அதில் கேட்டது ஒரு பாட்டும் கொஞ்சம் அலைச் சத்தமும்தான். நீ அதன் மேல் செவிவழி என்று ஒரு மோட், அதாவது ஒரு கூடுதல் நிரல், எழுதி ஒட்டினாய். மெனுவைக் குரல் வாசித்தது. கரை நெருங்கினால் மணி அடித்தது. பாறை எதிரே வந்தால் மரத்தைத் தட்டும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகுதான் நாங்கள் அந்த ஊருக்குள் கால் வைத்தோம்.

போன வாரம் கம்பெனி அப்டேட் விட்டது, மோட் படுத்துவிட்டது. அப்டேட் வந்தால் மோட் படுப்பது புதிதா? வழக்கம்போல நான் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்ற மோட்களை எடுத்துவிட்டு இதை மட்டும் வைத்து ஓட்டுங்கள், விளையாட்டு விழுந்தால், என்ன நடந்தது என்று பதிவாகும் லாக் ஃபைலை அனுப்புங்கள் என்று. லாக் ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அது இருக்கும் இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். அந்த நேரம் பார்த்து நீ கடையை இழுத்து மூடினாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதில் எழுது. காரணமாவது சொல்.


மார்ச் 6

தம்பிக்கு,

காரணம் வேண்டுமா? குழுவில் மேலே போய்ப் படி. உன் இயந்திரக் குரல் எல்லாவற்றையும்தான் வாசிக்குமே.

அப்டேட் வந்த அன்றிலிருந்து எனக்கு வந்தவற்றில் சில: "சோம்பேறி." "செய்ய முடியாதவள் எதற்கு ஆரம்பித்தாள்?" "எங்களை வைத்துப் பெயர் வாங்கிக்கொண்டு கைவிட்டுவிட்டாள்." ஒருவன் நான் வேலை செய்யும் காப்பீட்டு அலுவலகத்தின் வரவேற்பு எண்ணைத் தேடிப் பிடித்து, வாசலில் இருக்கும் பெண்ணிடம் கடைசித் துறை எப்போது சரியாகும் என்று கேட்டிருக்கிறான். அவள் மேலாளரிடம் சொன்னாள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டில் இன்னொரு வேலை பாக்கறீங்களா?" என்றார். எங்கள் பிரிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதிப் பேரின் தலையில் அத்தனை வேலையையும் கட்டியிருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி.

அதற்கு மேல் நீ. "அக்கா சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுவா." எந்த அக்கா? யாரைக் கேட்டுச் சொன்னாய்? என் சனிக்கிழமை உன் சட்டைப் பையில் இருக்கிறதா, எடுத்துக் கொடுக்க? ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நீ வாக்குக் கொடுப்பாய், நான் கண் விழிப்பேன், நீ நல்லவன் பட்டம் வாங்குவாய்.

அந்த மோட்டை நான் உனக்காகத்தான் செய்தேன். நீ விளையாட வேண்டும் என்றுதான். ஊருக்கெல்லாம் ஊழியம் செய்ய இல்லை. உனக்கு வேண்டுமானால் பழைய பதிப்பும் பழைய விளையாட்டும் உன் கணினியில் இருக்கின்றன. அப்டேட் செய்யாமல் விளையாடு.


மார்ச் 7

அக்கா,

"உனக்காகத்தான் செய்தேன்." இதை எழுதும்போது உனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லையா?

உன் பக்கத்தின் முதல் வரி என்ன? "பார்வையிழந்த என் தம்பிக்காக." அதற்குக் கீழே என் படம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேனாம். மாமா சொல்லித்தான் எனக்கே தெரியும். எடுக்கும்போது கேட்டாயா? போடும்போது கேட்டாயா? அன்றிலிருந்து எனக்குப் பெயர் கிடையாது. என்னைவிட மூத்தவர்கள், இளையவர்கள், முகம் தெரியாத யாரோ, எல்லோருக்கும் நான் தம்பி. "தம்பி, உங்க அக்கா தெய்வம்." தெய்வத்துக்கு முன்னால் கைகூப்பி நிற்கும் பொம்மை நான். பார்வை போனபோது எனக்கு வந்த கோபத்தைவிட, அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் வந்த கோபம் பெரிது. இத்தனை வருடம் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அந்தப் பக்கத்தால் நாலு பேர் விளையாடுகிறார்களே என்பதுதான்.

ஊழியம் என்றாயே. ஊழியம் செய்தது யார்? நீ எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதை ஆட்களின் கணினியில் ஓட வைத்தது நான். படகு கரைக்குப் போகாமல் எப்போதும் நடுக்கடலுக்கே போகிறது, மோட் மோசம் என்று ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ நிரலில் தேடு தேடென்று தேடினாய். கடைசியில் அவர் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறார் என்று கண்டுபிடித்தது யார்? மோட்டை ஃபோல்டரில் போடச் சொன்னால் ஃபோல்டரையே குப்பையில் போட்ட ஒரு அம்மாவோடு பொறுமையாகப் பேசி மீட்டுக்கொடுத்தது யார்? பஸ் கம்பெனியின் விசாரணைப் போனில் பகலெல்லாம் "என் பஸ் எங்கே" என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, அறையில் உட்கார்ந்து இவர்களுக்கும் பதில் சொன்னேன். அதை நீ பட்டம் வாங்குவது என்கிறாய்.

நான் மட்டும் பழைய பதிப்பில் தனியாக விளையாட வேண்டுமா? வெறும் ஊரில் நான் மட்டும் படகு ஓட்டிக்கொண்டு திரிய வேண்டுமா? அந்தக் குழுதான் அக்கா எனக்குத் தெரு. மாலையானால் நான் போய் நின்று பேசும் முனை அது.

உனக்கு முடியாவிட்டால் பரவாயில்லை. நிரலை என்னிடம் கொடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.


மார்ச் 11

கொடுக்க மாட்டேன்.

யாருக்கு என்று மேலே எழுதவில்லை, பார். தம்பி என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். பெயரை எழுதினால் யாரோ மாதிரி இருக்கிறது. படமும் அந்த வரியும் உன்னைக் கேட்காமல் போட்டவை. நீ சொல்வது சரி. பக்கத்தோடு அவையும் போய்விட்டன. அது ஒன்றுதான் நான் உனக்கு விட்டுக்கொடுப்பது.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஒரே தடவைதான் சொல்வேன்.

சோம்பேறி என்றதற்காக நான் மோட்டை எடுக்கவில்லை. அலுவலகத்துக்குப் போன் வந்ததற்காகவும் இல்லை. அந்த வாரம் எனக்கு வருடாந்தரக் கண் பரிசோதனை. உனக்கு வந்தது குடும்பத்தில் வருவது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் போகிறேன். உன்னிடம் சொல்வதில்லை, சொல்லி என்ன ஆகப் போகிறது? மருந்து ஊற்றி, கண்மணியை விரித்து, வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தால் எல்லாம் மங்கல். சுவரில் இருக்கும் கடிகாரம் ஒரு வெள்ளைத் திட்டு. உன் மாமாவை உட்கார வைத்து, "குழுவுல என்ன வந்திருக்கு, படிங்க" என்றேன். அவர் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அடுத்தது?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. விடு."

"படிங்க."

படித்தார். "கண்ணு தெரியறவளுக்கு எங்க அவசரம் எப்படிப் புரியும்? உன் கண்ணும் ஒருநாள் போகும். அப்போ தெரியும்." குழுவில் நீ அண்ணே என்று கூப்பிடும் அந்த லாரிக்காரர் எழுதியது.

அதையும் தாங்கியிருப்பேன். அவருக்கு நான் யார்? ஆனால் உன் மாமா நிறுத்தவில்லை. கீழே பதில் இருக்கிறது என்றார். அதையும் படித்தார். "கொஞ்சம் பொறுங்க அண்ணே. அக்கா சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுவா." நீ எழுதியது.

என் கண் போகட்டும் என்றவனைப் பார்த்து நீ "பொறுங்க அண்ணே" என்றாய். பஸ் வரவில்லை என்று கத்துகிறவனைச் சமாதானம் செய்யும் அதே குரலில். கத்துகிறவனைத்தான் முதலில் தடவிக் கொடுக்க வேண்டும் என்று உன் வேலை பழக்கிவிட்டது. யாரைத் திட்டினார்கள் என்று நீ பார்ப்பதே இல்லை. அன்று மாலை உன் மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பொத்தான் எங்கே என்று அவரைக் கேட்டுக் கேட்டு அந்தப் பக்கத்தை அழித்தேன்.

நிரலைக் கொடு என்கிறாய். எதற்கு? அண்ணன்மார்களுக்கு இன்னும் வாக்குக் கொடுக்கவா? உனக்கு ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது.


மார்ச் 12

அக்கா,

படித்தேன். அன்றைக்கும் அதை முழுதாகத்தான் படித்தேன். அவசரத்தில் தாண்டிவிட்டேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன், எழுதவில்லை.

அவர் லாரியில் ஊர் ஊராகச் சுற்றியவர். சர்க்கரையில் கண் போய், ஒரே அறையில் கிடக்கிறார். அந்தப் படகுதான் அவருக்கு வண்டி. நான் ஏதாவது சொன்னால் போய்விடுவார், போனால் பேச ஆள் இல்லாமல் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். உனக்கு மாமா இருக்கிறார், வேலை இருக்கிறது, நீ தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். பரிசோதனை அன்றைக்கு என்று எனக்குத் தெரியாது. சொல்லாதது நீ.

உன் கண்ணுக்கு என்ன சொன்னார்கள்? அதை மட்டும் எழுதவில்லையே.


மார்ச் 20

அக்கா,

நீ பதில் எழுதவில்லை. மாமாவிடம் கேட்டேன். "அவ கண்ணுக்கு ஒண்ணும் இல்லடா, நல்லா இருக்கு" என்றார். அந்த ஒரு வரியை எனக்கு எழுத உனக்கு மனம் வரவில்லை. போகட்டும்.

இரண்டு விஷயம்.

முதலாவது, குழுவில் எல்லோரும் பார்க்க எழுதினேன். "அண்ணே, என் அக்கா கண்ணைப் பத்தி நீங்க எழுதினதை எடுத்துட்டு, அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. இல்லன்னா நீங்க இங்க இருக்க முடியாது." அவர் என்னைப் போனில் கூப்பிட்டார். "ஒரு வரிக்கா இவ்வளவு? உன்னைத் தம்பி மாதிரி நெனச்சேனே" என்றார். "அவ எனக்கு நெஜமாவே அக்கா அண்ணே" என்றேன். வைத்துவிட்டார். நான் அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். என்னைத் திட்டிக்கொண்டே இன்னும் சிலர் அவரோடு போனார்கள். நான் செய்தது சரியென்று தெரியும். சரியானதைச் செய்தால் நிம்மதியாக இருக்கும் என்பார்கள், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர் இப்போது யாரிடம் பேசுகிறாரோ. உனக்குத் திருப்தியா?

இரண்டாவது, சுறா என்ற பெயரில் ஒருவன் உன் பழைய பதிப்பை எடுத்து, எதையோ மாற்றி, தன்னுடையது என்று போட்டிருக்கிறான். புது அப்டேட்டிலும் ஓடும் என்று சொல்கிறான். ஓடுகிறது. ஆனால் போட்டவர்கள் சேமித்து வைத்த ஆட்டம், அந்த சேவ் ஃபைல், அழிந்துபோகிறது. வருடக்கணக்கில் கட்டிய ஊர், திறந்தால் வெறும் கரை. வேண்டாம் வேண்டாம் என்று நான் குழுவில் கத்திக்கொண்டே இருக்கிறேன். நல்லது இல்லாத இடத்தில் கெட்டதைத்தானே எடுப்பார்கள்? பக்கத்தை எடுக்க உனக்கு உரிமை உண்டு. அதை நான் இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்ததால் நடந்தது இது. அதையும் நீ கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிரல் எழுதத் தெரியாது என்றாய். தெரியாதுதான். யாருக்குப் பிறக்கும்போதே தெரியும்? கொடு.


மார்ச் 22

நிரலை இதோடு அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார்.

லாரிக்காரரை எடுத்ததற்காக நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. எனக்காக நீ எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தாய், அதுவும் தாமதமாக. "உனக்குத் திருப்தியா" என்று கேட்கிறாயே, அந்தக் கேள்வியிலேயே நீ இன்னும் அவர் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறாய்.

அந்தச் சுறா செய்ததைப் பார்த்தேன். சேவ் ஃபைலைப் படிக்கும் இடத்தில் கை வைத்திருக்கிறான், முட்டாள். நான் எத்தனை வாரம் உட்கார்ந்து எழுதிய இடம் அது தெரியுமா? திருடுகிறவனுக்கு ஒழுங்காகத் திருடக்கூடத் தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இதை உனக்கு அனுப்ப மனம் வந்தது. பரிதாபத்தில் இல்லை, எரிச்சலில்.

இனி இது உன்னுடையது. என் பெயரை எடுத்துவிடு. "அக்கா செய்வாள்" என்ற வாக்கியம் இனி உன் வாயில் வரக் கூடாது. நான் செய்ய மாட்டேன். ஏதாவது புரியவில்லை என்றால் எழுதிக் கேள், எனக்கு நேரம் இருந்தால் சொல்வேன். என்ன உடைந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அப்டேட்டில் மெனுவின் பெயரை மாற்றிவிட்டார்கள். நம் மோட் பழைய பெயரையே சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. "என்ன?" என்று கேட்க அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை. அதனால் விளையாட்டு விழுகிறது. எங்கெங்கே கூப்பிடுகிறது என்று தேடுவது உன் பாடு.

கண் நன்றாக இருக்கிறது. எழுதாததற்குக் காரணம், கோபம்.


ஏப்ரல் 9

அக்கா,

உன் நிரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்பது என்றால் எப்படி என்று உனக்குத் தெரியுமா? "அடைப்பு திற, அடைப்பு மூடு, அரைப்புள்ளி" என்று நாள் முழுக்க என் காதில் ஒருவன் ஓதிக்கொண்டிருக்கிறான். பஸ் கம்பெனியில் ஒரு அம்மா "பஸ் எத்தனை மணிக்கு" என்று கேட்டதற்கு, "ஒன்பதரை, அரைப்புள்ளி" என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்துக்கு. நிரலுக்கு நடுவே நீ குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறாய். "இதைத் தொடாதே. ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது." இன்னோர் இடத்தில், "இது தப்பு, பிறகு சரிசெய்ய வேண்டும்." அந்தப் பிறகு எப்போது அக்கா? எனக்குத் தெரியாது என்று என்னை ஏளனம் செய்தாயே. உனக்கும் தெரியாமல்தான் பாதி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மெனு இப்போது பேசுகிறது. நான்தான் சரிசெய்தேன். தப்பான இடத்தை மாற்றி விளையாட்டே திறக்காமல் போய், எல்லாவற்றையும் பழையபடி வைத்து, மறுபடி முதலிலிருந்து தேடி, ஒருவழியாக. முதல் மெனுவில் "புதிய பயணம்" என்று அந்தக் குரல் சொன்னபோது நான் மேசையைத் தட்டிய தட்டில் பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

ஆனால் கரை மணி இப்போது கடல் நடுவிலும் அடிக்கிறது. நீ தொடாதே என்று எழுதிய இடத்தில்தான் இருக்கிறது என்று சந்தேகம். தொடட்டுமா?


ஏப்ரல் 10

தொடு. வேறு வழியில்லை.

கரையின் தூரத்தை அது முன்பு விளையாட்டிடமே கேட்டு வாங்கும். அப்டேட்டுக்குப் பிறகு விளையாட்டு வேறு அளவில் பதில் சொல்கிறது போலிருக்கிறது. வாங்கும் எண்ணை லாக் ஃபைலில் எழுதச் சொல்லி, கரையில் நின்று ஒரு தடவை, நடுக்கடலில் ஒரு தடவை பார். வித்தியாசம் தெரிந்துவிடும்.

நீ அனுப்பியவற்றில், பதினோராம் ஃபைலில் மாற்றியதைப் பார்த்தேன். நான் எழுதியதைவிடச் சுத்தமாக இருக்கிறது. அதற்காகத் தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே. மற்றதெல்லாம் அலங்கோலம்.


ஏப்ரல் 27

அக்கா,

நேற்று விட்டேன். செவிவழி, புதிய பதிப்பு. மேலே யார் பெயரும் இல்லை, யார் படமும் இல்லை. "கடைசித் துறையைக் காதால் விளையாட" என்று ஒரே வரி.

காலையில் நன்றி சொல்லி நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். மதியத்துக்குள் அலைச் சத்தம் அளவுக்கு மீறிக் கேட்கிறது என்று புகார் வந்தது. மாலையில் ஒருவன், "அக்கா இருந்தப்போ நல்லா இருந்துச்சு. குருடன் கையில குடுத்தா இப்படித்தான்" என்று எழுதினான். எழுதியவனுக்கும் பார்வை கிடையாது, அதுதான் வேடிக்கை.

அதைக் கேட்டதும் என் கை பழக்கத்தில், "கொஞ்சம் பொறுங்க" என்று தட்ட ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினேன். எனக்கே இப்படிச் சுடுகிறது என்றால், கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. தட்டியதை அழித்துவிட்டு எழுதினேன். "அலைச் சத்தத்தைக் குறைத்துத் தருகிறேன். எப்போது என்று சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை இப்படி எழுதினால் உங்களை எடுத்துவிடுவேன்."

நீ என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்கவில்லை. நானும் உன்னை முழுதாக மன்னிக்கவில்லை. அந்தப் படம் இன்னும் யார் யார் கணினியிலோ இருக்கிறது.


மே 6

டேய்,

இப்படி ஆரம்பிக்கலாம் என்று முடிவுசெய்துவிட்டேன். இதற்குக் கோபப்பட்டால் படு.

உன் லாரிக்காரர் எனக்கு மெயில் அனுப்பினார். உன்னிடம் கேட்க அவருக்கு ரோஷம். மோட்டோடு போகும் குறிப்பில் என் பழைய முகவரியை எடுக்காமல் விட்டிருக்கிறாய், அதை முதலில் எடு. அவர் எழுதியது இவ்வளவுதான். "புது செவிவழி போட்டேன். ரெண்டு குரல் ஒண்ணு மேல ஒண்ணு பேசுது. ஒண்ணும் புரியல." கீழே போன் நம்பர். வணக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. என்ன நெஞ்சழுத்தம் பார். கொஞ்ச நாள் அப்படியே போட்டு வைத்திருந்தேன். அழிக்கக் கை வரவில்லை, பதில் எழுத மனம் வரவில்லை.

இன்று மதியம் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போட்டேன். திட்டுவதற்காகத்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன்.

"யாரு?" என்றார். நான் நினைத்ததைவிட வயதான குரல்.

"செவிவழியை முதல்ல எழுதினவ. தம்பியோட அக்கா."

வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன், வைக்கவில்லை.

"கோவத்துல எழுதிட்டேம்மா," என்றார்.

"நானும் கோவத்துலதான் பேசறேன்."

"சரி. பேசுங்க."

அப்படிச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறவரிடம் என்ன பேசுவது? சேர்த்து வைத்ததில் பாதி மறந்துவிட்டது. "நீங்க எழுதின அன்னைக்கு நான் கண் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தேன். தம்பிக்கு வந்தது எனக்கும் வரலாம். வருஷா வருஷம் போய்ப் பாத்துக்கணும்," என்றேன்.

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்களா?"

பொய் சொல்லப் போகிறார், சொன்னதும் வைத்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கு இருந்த கோவத்துல எழுதியிருப்பேன்," என்றார். "அடுத்த நாள் அழிச்சிருப்பேன்."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. ஆனால் அது வேறு மாதிரிக் கோபம், எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. "ஃபோல்டரைத் திறங்க," என்றேன். "மோட் ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு வாசிக்கச் சொல்லுங்க." அவருடைய இயந்திரக் குரல் போன் வழியாக ஒவ்வொன்றாக வாசித்தது. நினைத்த மாதிரியே சுறாவின் பதிப்பும் அங்கே இருந்தது. நீ அவரை வெளியே அனுப்பிய பிறகு கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறார். புதியதைப் போடும்போது அதை எடுக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. இரண்டும் சேர்ந்து பேசியிருக்கின்றன.

"இதை அழிச்சுடுங்க. இனி சரியாயிடும். உங்க சேவ்?"

"போயிடுச்சும்மா. பெரிய ஊரு. கலங்கரை விளக்கமெல்லாம் கட்டியிருந்தேன். பரவாயில்ல."

அந்த ஊர் போனதில் எனக்கும் பங்கு உண்டு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

விளையாட்டைத் திறக்கச் சொன்னேன். "புதிய பயணம்" என்றது ஒரே ஒரு குரல். பிறகு அலை. நீ சத்தத்தைக் குறைத்திருக்கிறாய், நன்றாக இருக்கிறது. துடுப்பு போடும் ஓசை கேட்டது. ஆரம்பத்தில் ஒரு ஓட்டைப் படகு கொடுப்பார்களே, அதில்தான் போய்க்கொண்டிருந்தார். ஒரு பாறைக்கு முன்னால் மரத்தைத் தட்டும் ஓசை வந்தது, அவர் படகைத் திருப்பியது தெரிந்தது. "ம்ம்" என்றார், தனக்குத்தானே. நான் இன்னும் போனில் இருக்கிறேன் என்பதை அவர் மறந்துவிட்டாரா, தெரிந்தேதான் ஓட்டினாரா, எனக்குத் தெரியவில்லை.

அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை. அவரைக் குழுவில் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உன் பொறுப்பு, என்னைக் கேட்காதே.

படிக்கட்டில் இரண்டு பேர் என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நான்தான், "எனக்கு வேலை இருக்கு, வைக்கறேன்" என்றேன்.

வேலை ஒன்றும் இருக்கவில்லை.